அரசு லேப்டாப் கையில் இருக்க, தனி கிராபிக்ஸ் கார்டுக்குக் கடன் வாங்கணுமா?

சேத்தூரில் இருந்து ராஜபாளையத்துக்கும் கிருஷ்ணன்கோவிலுக்கும் பஸ் ஏறிப் படிக்கப் போகும் மாணவர்களின் வீடுகளில் இப்போது ஒரு கேள்வி சுற்றுகிறது. ‘அரசு கொடுக்கும் லேப்டாப்பே போதுமா, இல்லை ஈஎம்ஐ போட்டாவது கிராபிக்ஸ் கார்டு உள்ள கம்ப்யூட்டர் வாங்கணுமா?’

கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு 2 ஆண்டுகளில் கணினி வழங்க, 2025-26 தமிழக பட்ஜெட்டில் ரூ.2,000 கோடி ஒதுக்கப்பட்டது. ‘உலகம் உங்கள் கையில்’ என்ற பெயரில் 2026 ஜனவரி 5 அன்று விநியோகம் தொடங்கியது. இன்டெல் ஐ3 அல்லது ஏஎம்டி ரைசன் 3 பிராசஸர், 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. அப்படியென்றால் படம் எப்படித் திரையில் வருகிறது?

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

லேப்டாப் பிராசஸருக்கு உள்ளேயே ஒரு சின்ன கிராபிக்ஸ் பகுதி இருக்கிறது. இதுதான் இன்டக்ரேட்டட் கிராபிக்ஸ். இதற்கெனத் தனி மெமரி இல்லை. அந்த 8 ஜிபி ரேமையே விண்டோஸ், பிரவுசர் எல்லாவற்றோடும் பங்கு போட்டுக்கொள்ளும்.

ஒர்க்ஸ்டேஷன் கார்டு வேறு ரகம். உதாரணத்துக்கு, என்விடியா 2021-ல் வெளியிட்ட ஆர்டிஎக்ஸ் ஏ4000. இதில் 16 ஜிபி தனி மெமரி, 6,144 கோர்கள் உண்டு. மெமரியில் பிழை வந்தால் தானே திருத்திக்கொள்ளும் வசதியும் இருக்கிறது. ஆனால், இது டெஸ்க்டாப்பில் மட்டுமே பொருந்தும். அதிகபட்சம் 140 வாட் இழுக்கும். முழு வேகத்தில் 7 மணி நேரம் ஓடினால் கார்டுக்கு மட்டும் கிட்டத்தட்ட 1 யூனிட் கரன்ட். லேப்டாப் ஐ3 ரகங்களில் பலவற்றுக்கு, பிராசஸர் முழுவதற்குமே அடிப்படை மின் அளவு 15 வாட்தான்.

ஆட்டோகேட் ஓடுமா?

இங்கே பார்க்க வேண்டியது மெமரி வேகம். ஆட்டோகேடுக்கு விநாடிக்கு குறைந்தது 29 ஜிபி, நன்றாக ஓட 106 ஜிபி வேண்டும் என்கிறது ஆட்டோடெஸ்க். டிடிஆர்4-3200 ரேம் ஒரே ஸ்டிக்காக இருந்தால் கிடைப்பது 25.6 ஜிபி. இரண்டு ஸ்டிக் போட்டால் 51.2. அதாவது, சில ஆயிரம் செலவில் இன்னொரு ரேம் ஸ்டிக் போட்டாலே குறைந்தபட்ச அளவைத் தாண்டிவிடலாம். 2டி வரைபடம், செமஸ்டர் வேலைக்கு இது போதும். லேப்டாப்பில் காலி ஸ்லாட் இருக்கிறதா, பிரித்தால் வாரண்டி போகுமா என்பதை மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பெரிய 3டி அசெம்பிளி என்றால் ஏ4000-ன் 448 ஜிபி வேகத்தோடு போட்டியே இல்லை.

வீடியோ எடிட்டிங்?

இதில்தான் ஆச்சரியம். கல்யாண வீடியோ எடுக்கும் புதிய கேமராக்கள் பலவும் 10 பிட் 4:2:2 ஹெச்.265 வடிவில் பதிவு செய்கின்றன. 11-வது தலைமுறை முதல் இன்டெல் இன்டக்ரேட்டட் கிராபிக்ஸ் இதை நேரடியாகப் படித்துவிடும். ஏ4000-ஆல் முடியாது. என்விடியாவில் இந்த வசதி 2025-ல் வந்த பிளாக்வெல் கார்டுகளில்தான் சேர்ந்தது. விலை அதிகம் என்பதால் எல்லா வேலைக்கும் அதுவே சிறந்தது என்று சொல்லிவிட முடியாது.

ஏஐ படிக்கணும்னா?

இங்கே அரசு லேப்டாப் திணறும் என்பது உண்மை. 700 கோடி பாராமீட்டர் கொண்ட ஒரு மொழி மாடலை 16 பிட்டில் ஏற்றவே சுமார் 14 ஜிபி மெமரி வேண்டும். 8 ஜிபி லேப்டாப்பில் அதற்கு வழியில்லை. 4 பிட்டாகச் சுருக்கினால் சுமார் 4 ஜிபி. ஏற்றிவிடலாம், பதில்தான் மெதுவாக வரும். பல ஏஐ புரோகிராம்கள் நம்பியிருக்கும் ‘சியூடா’ மென்பொருளும் என்விடியா கார்டுகளுக்கானது.

அதற்காகக் கடன் வாங்க வேண்டியதில்லை. கூகுள் கோலாப் இலவசமாகவே 16 ஜிபி டி4 ஜிபியு தருகிறது. நேரக் கட்டுப்பாடு உண்டு, கூட்டம் அதிகமானால் கிடைக்காமலும் போகலாம். பெரிய புராஜெக்ட் என்றால், மத்திய அரசின் இந்தியாஏஐ திட்டத்தில் 38,000-க்கும் மேற்பட்ட ஜிபியுக்கள் உள்ளன. மணிக்கு சுமார் ரூ.65 என்ற மானிய விலையில் விண்ணப்பித்துப் பெறலாம்.

அப்போ என்ன செய்யலாம்?

கோடிங், 2டி டிசைன், போட்டோஷாப், ஏஐ அடிப்படை என்றால் இருக்கும் லேப்டாப்பே போதும். முதலில் ரேமைக் கூட்டுங்கள், கிளவுடைப் பழகுங்கள். 3டி ரெண்டரிங், பெரிய டிசைன் வேலை என்று அதில் இருந்தே வருமானம் வர ஆரம்பித்த பிறகு கார்டு வாங்கினால், அதன் ஈஎம்ஐயை அந்த வேலையே கட்டிவிடும். படிக்கும்போதே வாங்கினால், கட்டுவது அப்பா அம்மாதான்.