ஏறு என்கிறது கருவி, இறங்கு என்கிறது தரை



வானில் விமானங்கள் மோதிக்கொள்வதைத் தடுக்கும் டிகாஸ் கருவி, அருகில் பறக்கும் விமானத்தின் டிரான்ஸ்பாண்டரை, அதாவது வினவும் அலைக்கு அவ்விமானத்தின் உயரத்தைப் பதிலாக அனுப்பும் சாதனத்தை, இடைவிடாது வினவி, ஆபத்து நெருங்குகையில் ஒரு விமானத்தை ஏறவும் மற்றதை இறங்கவும் பணிக்கிறது. இரு விமானங்களிலும் உள்ள கருவிகள் தமக்குள் ஒத்திசைந்தே இம்முடிவை எடுப்பதால், ஒரு விமானி மட்டும் அதை மீறும்போது மற்றவரின் கீழ்ப்படிதலே ஆபத்தாக மாறிவிடுகிறது.

2002 ஜூலை 1 இரவு ஜெர்மனியின் யூபர்லிங்கன் நகருக்கு மேலே நிகழ்ந்தது இதுவே: ரஷ்யப் பயணிகள் விமானத்தைக் கருவி ஏறச் சொல்ல, தரைக் கட்டுப்பாட்டாளர் இறங்கச் சொல்ல, விமானிகள் மனிதக் குரலையே பின்பற்றினர், அதன் பாதையில் குறுக்கிட்ட சரக்கு விமானமோ தன் கருவியின் சொற்படி இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டும் மோதி, குழந்தைகள் பலர் உட்பட 71 பேர் மாண்டனர். 2001 ஜனவரியில் ஜப்பானில் இதே முரண்பாட்டால் இரு விமானங்கள் மயிரிழையில் தப்பியிருந்தும், உலக விதிகள் உரிய காலத்தில் திருத்தப்படாதது பொறுக்க முடியாத தாமதம்.

கருவியின் கட்டளையே மேலானது என்பது பின்னர் ஐயத்துக்கு இடமின்றி வரையறுக்கப்பட்டது. ஆயினும் அக்கட்டளையைக் கட்டுப்பாட்டாளர் இன்றும் பெரும்பாலும் விமானியின் வாய்மொழியாகவே அறிகிறார். அதைத் தரைக்குத் தானாக அனுப்பும் வசதி மோடு எஸ் எனும் வகை டிரான்ஸ்பாண்டர்களில் இருக்கையில், எல்லாக் கட்டுப்பாட்டு மையங்களின் திரைகளிலும் அது தோன்றச் செய்வதை விமானப் போக்குவரத்து அமைப்புகள் இனியும் ஒத்திப்போடலாகாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்