கணக்கில் காணாமல் போனவர்கள்

கண் நலம் குறித்து நாடாளுமன்றத்தில் கேள்வி எழும்போதெல்லாம் அரசின் பதிலில் முன்னே வந்து நிற்பது கண்புரை அறுவைச் சிகிச்சைகளின் எண்ணிக்கைதான். இலக்கு எவ்வளவு, நிறைவேறியது எவ்வளவு என்ற பட்டியல் அவையில் வைக்கப்படுவதோடு விஷயம் முடிந்துவிடுகிறது. அறுவைச் சிகிச்சையாலும் கண்ணாடியாலும் சரிசெய்ய இயலாத பார்வைக் குறைவுடன் வாழ்வோரின் நிலை என்ன என்ற கேள்வி அபூர்வமாகவே எழுகிறது.

இவர்களைச் சட்டம் அறியாமல் இல்லை. 1995-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டமே பார்வையின்மை வேறு, குறைபார்வை வேறு என்று பிரித்துக் கூறியது. 2016 டிசம்பரில் இரு அவைகளும் நிறைவேற்றிய புதிய உரிமைச் சட்டம் அதற்கு அளவுகோலும் வகுத்தது. உரிய கண்ணாடி அணிந்த பிறகும் நல்ல கண்ணின் பார்வைத்திறன் 6/18-க்குக் குறைந்து 3/60 வரை இருந்தால் அது குறைபார்வை. அதாவது, நல்ல பார்வை உள்ளவர் 18 மீட்டர் தொலைவில் படிக்கும் எழுத்தை இவர் 6 மீட்டருக்குள் நெருங்கி வந்தால்தான் படிக்க முடியும். பார்வைப் பரப்பு 40 பாகைக்குக் கீழே சுருங்கி 10 பாகை வரை இருந்தாலும் அது குறைபார்வையே.

சட்டம் கண்ட இந்த வேறுபாட்டைச் சமூகம் இன்னும் காணவில்லை. முதுமையில் விழித்திரையின் மையப்பகுதி சிதைந்தவருக்கு எதிரே நிற்பவரின் முகம் தெரியாது. ஆனால் ஓரப் பார்வையைக் கொண்டு தெருவில் நடந்துவிடுவார். கண் நீர் அழுத்த நோய் முற்றியவருக்கும், ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா என்ற பரம்பரை நோய் உள்ளவருக்கும் நிலைமை நேர்மாறானது. செய்தித்தாளைப் படிப்பார், காலடியில் உள்ள படி தெரியாமல் தடுக்கி விழுவார். வெள்ளைக் கைத்தடியுடன் பேருந்தில் ஏறியவர் கைபேசியைக் கண்ணருகே பிடித்துப் படித்தால், "இவர் நடிக்கிறார்" என்ற முணுமுணுப்பு எழுகிறது. நோயைவிட இந்தச் சந்தேகம்தான் பலரை வீட்டுக்குள் முடக்குகிறது.

அரசின் கணக்குகளும் இந்த மயக்கத்துக்கு விதிவிலக்கல்ல. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பார்வைக் குறைபாடு உடையோர் சுமார் 1 கோடியே 6 லட்சம் பேர். 2011-ல் அந்த எண்ணிக்கை சுமார் 50 லட்சம். பத்தே ஆண்டுகளில் 56 லட்சம் பேருக்குப் பார்வை திரும்பிவிட்டதா என்ன? 2001-ல் ஒரு கண்ணில் மட்டும் பார்வை உள்ளவர்களும் கணக்கில் சேர்க்கப்பட்டிருந்தனர். அடுத்த முறை வரையறை மாறியது; எண்ணிக்கையும் மாறியது. இரண்டு கணக்கெடுப்புகளிலும் குறைபார்வை உடையோருக்கெனத் தனி இடம் இல்லை. எல்லாம் 'பார்வை' என்ற ஒரே கட்டத்துக்குள் அடக்கம்.

1976-ல் தொடங்கிய தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்திலும் இதேபோல ஒரு மாற்றம் நிகழ்ந்தது. பார்வையின்மைக்கான எல்லை 2017-ல் 6/60-லிருந்து 3/60 ஆகக் குறைக்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் வரையறையுடன் ஒத்துப்போவதற்கான இந்த மாற்றத்தில் தவறு காண முடியாது. ஆனால், இவ்விரு எல்லைகளுக்கும் இடையே இருந்தவர்கள் ஒரே நாளில் 'பார்வையற்றோர்' பட்டியலிலிருந்து வெளியேறினர். 2015-19 தேசிய ஆய்வு கண்டறிந்த 0.36 சதவீதம் என்பது இந்தப் புதிய எல்லையின்படி வந்தது. பழைய எல்லையில் எடுத்த விகிதங்களோடு அதை நேருக்கு நேர் ஒப்பிட்டு வெற்றி கொண்டாடுவது பொருந்தாது. திட்டத்தின் பெயரிலும் அப்போது 'பார்வைக் குறைபாடு' என்ற சொல் சேர்க்கப்பட்டது. அந்தச் சொல்லுக்குரிய பணி சேர்க்கப்பட்டதா என்பதே கேள்வி.

அப்பணி பெரும் செலவு பிடிப்பதும் அல்ல. எஞ்சியிருக்கும் பார்வையைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுப்பதுதான் அதன் சாரம். தகுந்த திறனுள்ள உருப்பெருக்கி, கரும்பலகையைக் காணச் சிறு தொலைநோக்கி, சரியான கோணத்தில் ஒரு விளக்கு, படிகளின் விளிம்பில் மஞ்சள் பட்டை, பெரிய எழுத்துப் பாடநூல், எழுத்தை வாசித்துக் காட்டும் கைபேசி, கைத்தடியுடன் நடக்கப் பயிற்சி ஆகியவை இருந்தால் ஒரு மாணவர் பள்ளியை விட்டு நிற்க வேண்டியதில்லை. ஓர் ஊழியர் விருப்ப ஓய்வு கேட்க வேண்டியதில்லை. ஹைதராபாதிலும் மதுரையிலும் உள்ள புகழ்பெற்ற கண் மருத்துவமனைகள் இதைச் செய்து காட்டியுள்ளன. ஆனால், மாவட்டத் தலைநகரின் அரசு மருத்துவமனைக்கு வரும் நோயாளி பெரும்பாலும் கேட்பது "இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை" என்ற ஒற்றை வாக்கியத்தைத்தான். மருத்துவம் கைவிடும் இடத்தில்தான் மறுவாழ்வு தொடங்க வேண்டும் என்பதை யார் அவருக்குச் சொல்வது?

நீதிமன்றங்கள் இவ்விஷயத்தில் அரசை முந்திவிட்டன. பார்வைக் குறைபாட்டைக் காரணம் காட்டி நீதித்துறைப் பணிக்கான வாய்ப்பை மறுக்கக் கூடாது என்று 2025 மார்ச் 3-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குறைபார்வை உடையோரையும் விலக்கிவைத்த மத்தியப் பிரதேச விதி அதனால் செல்லாததாயிற்று. அதே ஆண்டு ஏப்ரல் 30-ல், மின்னணுச் சேவைகளை அணுகும் உரிமை அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவில் அடங்கும் என்றும் அது கூறியது. தீர்ப்புகள் கதவைத் திறக்கும். அந்தக் கதவு வரை நடந்து வர உதவுவது நிர்வாகத்தின் வேலை. 2016 சட்டத்தின் 27-வது பிரிவு மறுவாழ்வுப் பணியை அரசின் கடமையாக்கியிருக்கிறது. "பொருளாதார இயலுமைக்கு உட்பட்டு" என்று அதில் உள்ள சொற்றொடர் தட்டிக்கழிக்கும் சாக்காகிவிடக் கூடாது.

செய்ய வேண்டியவை மூன்று. 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பார்வையின்மையும் குறைபார்வையும் தனித்தனியே பதிவாக வேண்டும். ஒவ்வொரு மாவட்ட மருத்துவமனையிலும் குறைபார்வைப் பிரிவும் பயிற்சி பெற்ற ஒருவரும் இருக்க வேண்டும். ஊனச் சான்றிதழ் வழங்கும் நாளிலேயே நோயாளியை அப்பிரிவுக்கு அனுப்புவது கட்டாயமாக வேண்டும்.

சிறுவயதில் பெரியம்மையால் பார்வையிழந்த சாதன் குப்தா, 1953-ல் கல்கத்தாவிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பார்வை இல்லாத ஒருவரின் குரலை அன்றே கேட்ட அவை இது. அடுத்த கூட்டத்தொடரில் யாரேனும் ஓர் உறுப்பினர் அறுவைச் சிகிச்சை எண்ணிக்கையோடு நிறுத்திக்கொள்ளாமல் ஒரு துணைக்கேள்வியையும் கேட்கட்டும்: "எந்தச் சிகிச்சையாலும் பார்வை திரும்பாதவர்களில் எத்தனை பேருக்கு, எஞ்சிய பார்வையுடன் வாழ அரசு கற்றுக்கொடுத்தது?" அமைச்சரிடம் அதற்கு ஓர் எண் இருந்தால் மகிழ்ச்சி. இல்லையென்றால், அந்த வெற்றிடமே அரசு எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதைச் சொல்லிவிடும்.