லூஸ்ல வாங்குற தம்... கண்ணுல படாத அந்த நம்பர்!

சேலம் பக்கத்துல இருக்கிற பனமரத்துப்பட்டி, அரளித் தோட்டங்களுக்குப் பேர்போன ஊர். விடியக்காலை வேலை முடிஞ்சு டீக்கடைக்கு வந்தா, பலருக்கும் வாய் தானா சொல்லும்: ``அண்ணே, ஒரு டீ, ஒரு தம்!''

2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி கவுன்சில், சிகரெட்டுக்கு 40 சதவிகித வரி என்று முடிவெடுத்தது. பீடிக்கு மட்டும் 28-லிருந்து 18 சதவிகிதமாகக் குறைத்தது. விலை ஏறினால் புகைப்பது குறையும் என்பது உண்மைதான். ஆனா, பக்கத்துலயே மலிவா இன்னொண்ணு இருந்தா, சிலர் விட மாட்டாங்க, மாறிக்குவாங்க.

அப்போ விட்டவங்க எப்படி விட்டாங்க?

விடணும்கிற ஆசைக்குப் பஞ்சமில்லை. 2016-17-ல் எடுத்த தேசிய அளவிலான புகையிலை சர்வேயில், புகைப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் விட நினைப்பதாகச் சொன்னார்கள். பற்றாக்குறை உதவிக்குத்தான். 2018 செப்டம்பர் முதல் ஒவ்வொரு பாக்கெட்டிலும் 1800-11-2356 என்ற இலவச எண் அச்சாகிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மூலமா தமிழிலும் பேசலாம். சிக்கல் என்னன்னா, நாம வாங்குறது லூஸ்ல ஒண்ணு. பாக்கெட் கடைக்காரர் கையிலேயே இருக்கும். நம்பர் நம்ம கண்ணுல படுறதே இல்ல!

போன் செய்தால் திட்ட மாட்டார்கள். ஒரு நாளைக்கு எத்தனை, எப்போ பிடிக்கத் தோணுதுன்னு கேட்டு, விடுறதுக்கு ஒரு தேதி குறிக்கச் சொல்வார்கள். அப்புறமும் கூப்பிட்டு விசாரிப்பார்கள்.

முதல் சில நாள்தான் கஷ்டம். எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் வரும். சில வாரங்களில் அடங்கும். ஒவ்வொரு ஏக்கமும் சில நிமிஷம்தான். அந்த நேரத்தைத் தள்ளிப்போடணும். டீயும் தம்மும் ஜோடின்னா, கொஞ்ச நாளைக்கு டீக்கடையை மாத்துங்க, டீயைப் பார்சல் வாங்குங்க. தேவைப்பட்டால் டாக்டரிடம் கேட்டு நிகோட்டின் சூயிங்கம் எடுக்கலாம். அதுக்குப் பதிலா வாயில புகையிலையை அடக்கிக்கிட்டா, விட்டதா அர்த்தமில்ல.

நடுவுல ஒண்ணு பிடிச்சுட்டீங்களா? தோத்துட்டதா நினைக்காதீங்க. பலரும் சில தடவை வழுக்கி விழுந்துதான் முழுசா விட்டிருக்காங்க.

பிரிட்டன் டாக்டர்களை 50 வருஷம் தொடர்ந்து கவனித்த ஆய்வு, 2004-ல் ஒரு கணக்கு சொன்னது. புகைப்பவர்கள் சராசரியாக 10 ஆண்டு ஆயுளை இழக்கிறார்கள். 30 வயதுக்குள் விட்டால் அதில் கிட்டத்தட்ட முழுசையும் மீட்கலாம்.

உங்களுக்கு இன்னும் 30 ஆகலையா? நாளைக்குக் காலை டீக்கு முன்னாடி அந்த நம்பரை போன்ல சேவ் பண்ணிடுங்க!