குறுகிய எல்லைக்குள் பங்கு வியாபாரம்: எமக்குக் கட்டுப்படியாகுமா?

பங்குச் சந்தை கொழும்புப் பணக்காரர்களின் விளையாட்டு என்று நாம் ஒதுங்கியிருந்த காலம் போய்விட்டது. 2020 இல் கணக்குத் திறப்பதும் பங்கு வாங்குவதும் கைத்தொலைபேசிக்குள் வந்ததன் பின்னர், பதுளையிலும் வெலிமடையிலும் கல்லாவில் இருந்தபடியே விலை பார்க்கும் சகோதரர்களும் உள்ளனர்.

அவர்களைக் கவரும் முறை இதுதான். ஒரு பங்கு பல வாரங்களாகப் பத்து ரூபாவுக்கும் பத்தரை ரூபாவுக்கும் இடையில் உலாவுகிறது. கீழே வாங்கி மேலே விற்றால் போதும், முடிந்தால் அன்றைக்கே. மிளகும் உருளைக்கிழங்கும் வாங்கி விற்றுப் பழகியவருக்கு இதில் புதிதாக ஒன்றும் தெரியாது. ஏமாறும் இடமும் அதுவே.

கணக்கைப் பாருங்கள். கொழும்புப் பங்குச் சந்தையில் சிறிய கொடுக்கல் வாங்கலுக்குத் தரகு, வரி எல்லாம் சேர்ந்து வழமையாக 1.12 சதவீதம். வாங்கும்போதும் உண்டு, விற்கும்போதும் உண்டு. பத்து ரூபா வீதம் 5,000 பங்குகளை வாங்கிப் பத்தரைக்கு விற்றால் இலாபம் 2,500 ரூபா. செலவு 1,148 ரூபா. கையில் மிஞ்சுவது 1,352. விலை ஒன்பதரைக்கு இறங்கி, விற்றுவிட்டு வெளியேறினால் நட்டம் 3,592 ரூபா. ஒரு தோல்வியை ஈடுசெய்ய மூன்று வெற்றி வேண்டும். அன்றே வாங்கி அன்றே விற்பவருக்குக் கட்டணத்தில் கழிவு உண்டா என்பதைத் தரகரிடம் முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

அடுத்தது, வாங்க ஆள் இருக்க வேண்டும். எமது சந்தையில் சிறிய கம்பனிகள் பலவற்றின் பங்குகள் சில நாட்களில் மிகக் குறைவாகவே கைமாறுகின்றன. திரையில் பத்தரை ரூபா தெரியும். அந்த விலைக்கு 5,000 பங்குகளையும் எடுப்பவர் இருக்கமாட்டார்.

“தோட்டக் கம்பனிப் பங்குகள் எமக்குத் தெரிந்தவைதானே” என்பார்கள். மடுல்சீமை, மல்வத்தை வெலி, பலாங்கொடை ஆகிய கம்பனிகளின் தோட்டங்கள் ஊவாவில் எம் கண்முன் இருக்கின்றன என்பது உண்மை. ஜூலை முதல் செப்டெம்பர் வரை வரண்ட காற்று வீசும்போது ஊவாத் தேயிலையின் மணம் கூடும், ஏலத்தில் விலையும் கூடலாம் என்பதும் நாம் அறிந்ததே. ஆனால் அதைக் கொழும்புத் தரகரும் அறிவார். அந்த எல்லையை உடைப்பது பெரும்பாலும் காலநிலையல்ல, வர்த்தமானி. 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபாவானது. அதே ஆண்டு இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. 2024 இல் சம்பளம் 1,350 ரூபாவானது. பத்துக்கும் பத்தரைக்கும் இடையில் கோடு கீறி வைத்திருப்பவருக்கு இத்தகைய அறிவிப்புகள் சொல்லிக்கொண்டு வருவதில்லை.

2022 இல் நடந்தது இதைவிடப் பெரிது. ஜனவரியில் 13,000 புள்ளிகளைத் தாண்டியிருந்த விலைச்சுட்டெண் ஏப்ரல் முடிவில் 8,000க்குக் கீழே இறங்கியது. இடையில் ஏப்ரல் 18 முதல் ஒரு வாரம் சந்தையே மூடிக்கிடந்தது. அந்த வாரம் பங்கை வைத்திருந்தவரால் எந்த விலைக்கும் விற்க முடியவில்லை.

எமது கடைகளின் கதை தெரிந்ததே. புறக்கோட்டை மொத்த வியாபாரிக்கு முன்கூட்டியே திகதியிட்ட காசோலை கொடுத்துச் சரக்கு எடுக்கிறோம். அந்தக் காசோலைக்கான பணம் இப்படியான பங்கில் சிக்கினால், திரும்பி வருவது காசோலைதான். அதனோடு பல வருட நாணயமும் போய்விடும். ஆகவே சரக்குப் பணத்தை இதில் போடுவதை நான் முற்றாக எதிர்க்கிறேன். ஆண்டுக் கணக்கில் விட்டுவைக்கக்கூடிய மேலதிகப் பணம் உள்ளவர் நல்ல கம்பனியின் பங்கை வாங்கிப் பங்கிலாபம் பெறுவது வேறு விடயம்.

தரகர் நிறுவனம் தரும் கடனிலும் இவ்வாறு வியாபாரம் செய்யலாம். அது வட்டிக் கடன் என்பதை எம்மவருக்குச் சொல்லத் தேவையில்லை. பங்கு முழுமையாகத் தன் பெயருக்கு வருமுன்னர் அன்றே விற்பது கூடுமா என்ற கேள்வியும் உண்டு. அதற்குத் தீர்ப்பளிப்பது இந்தப் பத்தியின் வேலையல்ல, உலமாக்களிடம் கேளுங்கள். கணக்குத் திறக்கும் முன்னரே கேளுங்கள்.