ரௌட்டரை நகர்த்திப் பார்த்தீங்களா?

போன செமஸ்டர் லீவுல ஒரு கம்பெனியோட ஆன்லைன் ஆப்டிட்யூட் டெஸ்ட். வீட்டுல என் ரூம்ல உட்கார்ந்து எழுதிட்டிருந்தேன். 20 நிமிஷம் ஓடியிருக்கும், வைஃபை போயிடுச்சு. திரும்ப வர்றதுக்குள்ள டெஸ்ட் தானா சப்மிட் ஆகிடுச்சு. அந்த வாய்ப்பு அவ்வளவுதான்.

அப்பா திட்டலை. மறுநாள் 1,800 ரூபாய் கொடுத்து ஒரு எக்ஸ்டெண்டர் வாங்கிட்டு வந்தார். அதை என் ரூம்லயே மாட்டினேன். லேப்டாப்ல கோடு முழுசா காட்டுச்சு, வேகம் மட்டும் வரலை. காரணம் புரிஞ்சப்போ வெட்கமா இருந்துச்சு. எக்ஸ்டெண்டர் தனக்கு வந்து சேர்றதைத்தான் திருப்பி அனுப்பும். காதுல சரியா விழாத சேதியை எவ்வளவு சத்தமா சொன்னாலும் என்ன பிரயோஜனம்? ரௌட்டருக்கும் ரூமுக்கும் நடுவுல, சிக்னல் நல்லா இருக்கிற இடத்துல அதை வச்சிருக்கணும்.

நான் இ.சி.இ. ஃபைனல் இயர். தூரம் இரண்டு மடங்கானா வெட்டவெளியில் சிக்னல் 6 டெசிபல் குறையும்னு பரீட்சையில் எழுதி மார்க் வாங்கினவன். ஆனா எங்க வீட்டு ரௌட்டர் எங்க இருக்குன்னு நின்னு பார்த்ததே இல்லை.

அது ஹால் மூலையில, டிவிக்குப் பின்னாடி, ஸ்டீல் பீரோவை ஒட்டி இருந்துச்சு. கனெக்‌ஷன் கொடுக்க வந்தவர், கேபிள் நுழைஞ்ச இடத்துலயே வச்சுட்டுப் போயிட்டார். தூசு படியக்கூடாதுன்னு அம்மா மேல ஒரு துணி போட்டிருந்தாங்க. துணி சிக்னலைத் தடுக்காது, சூட்டைத்தான் வெளியே விடாது. பீரோ அப்படியில்லை, இரும்பு அலையைத் திருப்பி அடிச்சிடும்.

மொபைல்ல ஒரு இலவச ஆப் போட்டு அளந்தேன். என் மேஜையில் மைனஸ் 78 டிபிஎம். சுருட்டி விட்டிருந்த ஃபைபர் கேபிளை, கூர்மையா மடங்காம பார்த்துப் பிரிச்சு, ரௌட்டரை ஹால் நடுவுல இருக்கிற அலமாரி மேல வச்சேன். மறுபடி அளந்தா மைனஸ் 61. 17 டெசிபல் வித்தியாசம், அதாவது வந்து சேர்ற பவர் 50 மடங்கு! ஒரு ரூபாய் செலவில்லை. பக்கத்து வீடுகள் எல்லாம் சேனல் 6-ல இருந்ததால 2.4 கிகாஹெர்ட்ஸ்ல சேனல் 1-க்கு மாறினேன். அந்த பேண்ட்ல 1, 6, 11 மூணும் ஒண்ணோட ஒண்ணு மோதாது.

வாடகை வீடு, ரௌட்டரை அசைக்க முடியாதுன்னு சொல்றீங்களா? ஒரு லேன் கேபிள் வாங்குங்க. 100 மீட்டர் வரை தாங்கும். டெஸ்ட், இன்டர்வியூ அன்னைக்கு வைஃபையை நம்பவே வேண்டாம்.

நம்ம வயர்லெஸ் லேபுக்கும் ஒரு வேண்டுகோள். ஒவ்வொருத்தரும் தன் வீட்டு சிக்னலை ரூம் ரூமா அளந்து வரைஞ்சு கொண்டு வரணும்னு ஒரு எக்ஸ்பெரிமெண்ட் வைங்க. ரெக்கார்டு நோட்டுல காப்பி அடிக்க முடியாத ஒரே எக்ஸ்பெரிமெண்ட் அதுவாத்தான் இருக்கும்.

ரௌட்டரை நகர்த்தின அன்னைக்கு அப்பா கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: "இதை முதல்லயே செஞ்சிருக்கலாமே தம்பி?"

என்கிட்ட பதில் இல்லை. நீங்க அடுத்த டெஸ்டுக்கு முன்னாடியே செஞ்சிடுங்க.