எடை இயந்திரம் சொல்லாத கணக்கு

சென்ற மாதம் ஆழியாற்றிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வால்பாறைக்குப் போயிருந்தேன். அங்கே என் பெரியம்மா இருக்கிறார். முப்பது ஆண்டுகள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். மூட்டையுடன் சரிவுகளில் ஏறி இறங்கிய காலத்தில் ஒல்லியாகவே இருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற சில ஆண்டுகளில் எடை எழுபது கிலோவாகிவிட்டது. இரத்தத்தில் சர்க்கரையும் கூடிவிட்டது. அலமாரியில் ஒரு டப்பா இருந்தது. குடம்புளி கலந்த மூலிகையாம். மூன்றே மாதங்களில் உடல் மெலியுமாம். விலையோ அவருடைய மாத ஓய்வூதியத்தில் பாதி!

"மூலிகைதானே சாமி, என்ன கெடுதல் பண்ணிப்போடும்?" என்றார்.

நான் இயற்பியல் ஆசிரியன் அல்லவா? நடப்பதன் பெருமையை விளக்க உடனே கணக்கில் இறங்கினேன். நீங்களும் போட்டுப் பாருங்கள். 70 கிலோ நிறையுள்ள ஒருவர் 100 மீட்டர் உயரம் ஏறினால் செய்யும் வேலை 70 × 9.8 × 100, அதாவது 68,600 ஜூல். இது சுமார் 16 கிலோ கலோரி. நம் தசைகள் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே வேலையாக மாறுகிறது, மீதி வெப்பமாகிவிடும். எனவே உடலுக்கு ஆகும் செலவு 65 கிலோ கலோரி. சர்க்கரை போட்ட ஒரு கோப்பைப் பால் தேநீரில் ஏறக்குறைய இவ்வளவு இருக்கிறது. பெரியம்மா சிரித்தார். "ஒரு டீக்கா இந்த மலையை ஏறச் சொல்றே?"

கணக்கு சரிதான். நான் எடுத்துக்கொண்ட கேள்விதான் தவறு.

உணவுக்குப் பிறகு இன்சுலினின் ஏவலால் இரத்தத்தை விட்டு நீங்கும் குளுகோசில் பெரும் பங்கை ஏற்றுக்கொள்வன தசைகளே. மாதவிடாய் நின்ற பின் பெண்களுக்கு வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்கிறது. வயது ஏற ஏறத் தசையும் குறைகிறது. அப்போது இன்சுலின் தட்டினாலும் தசையின் கதவு எளிதில் திறப்பதில்லை. ஆனால் தசை சுருங்கி விரிந்து வேலை செய்யும்போது, குளுகோசை உள்ளே கொண்டு செல்லும் புரதங்கள் இன்சுலினுக்காகக் காத்திராமல் தசைச் செல்லின் மேற்பரப்புக்கு வந்துவிடுகின்றன. இந்த மாற்றத்தை எடை இயந்திரம் காட்டாது.

இது வெறும் ஊகமன்று. சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் நீரிழிவின் எல்லையில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்து, 2006இல் முடிவை வெளியிட்டனர். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 விழுக்காட்டினருக்கு நீரிழிவு வந்தது. உணவைத் திருத்திக்கொண்டு நாள்தோறும் அரைமணி நேரம் நடக்குமாறு ஊக்குவிக்கப்பட்டவர்களில் இது 39 விழுக்காடு. இவர்களுடைய எடை குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை என்பதுதான் வியப்பு. ஆய்வில் இருந்தவர்களில் பெரும்பாலோர் நடுவயது ஆண்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். பெரியம்மா போன்றவர்களை ஆய்வாளர்கள் இன்னும் அதிகமாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் மனக்குறை.

சரி, குடம்புளி? நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் விளைவதுதான். மலையாளிகளின் மீன் குழம்புக்கு அது இல்லாமல் முடியாது. அதன் தோலிலுள்ள ஓர் அமிலம் கொழுப்பு உருவாவதைத் தடுக்கும் என்று சோதனைக் குழாயில் கண்டார்கள். ஆனால் பருமனான 135 பேரிடம் அமெரிக்காவில் 12 வாரங்கள் சோதித்து 1998இல் வெளியிட்ட முடிவு வேறுவிதமாக இருந்தது. குடம்புளி மாத்திரை உண்டவர்கள் 3.2 கிலோவும், மருந்தே இல்லாத போலி மாத்திரை உண்டவர்கள் 4.1 கிலோவும் இளைத்தனர்! இரு சாராரும் உணவைக் குறைத்திருந்தார்கள். இளைத்ததற்குக் காரணம் அதுவே. இத்தகைய மாத்திரைகளால் கல்லீரல் கெட்டவர்களைப் பற்றியும் மருத்துவ இதழ்களில் செய்திகள் வந்துள்ளன. குழம்பில் போடும் அளவு வேறு, சாற்றைச் செறிவாக்கி நாள்தோறும் விழுங்குவது வேறு.

மூலிகையை நான் பழிக்கவில்லை. இன்று உலகெங்கும் நீரிழிவுக்குத் தரப்படும் மெட்ஃபார்மின், ஐரோப்பியச் செடி ஒன்றிலுள்ள பொருளை ஆராய்ந்த வழியில் பிறந்ததுதான். வெந்தயத்துக்கும் சர்க்கரையை ஓரளவு குறைக்கும் தன்மை உண்டு. அளவும் சோதனையும் இல்லாத டப்பாவோடுதான் எனக்குச் சண்டை.

ஆனால் வால்பாறையில் "விடியற்காலையில் நடங்கள்" என்று சொல்லிவிட முடியுமா? சிறுத்தையும் யானையும் உலவும் ஊர். மழையோ மாதக்கணக்கில் விடாது. பாட்டிமார் நன்றாக வெயில் வந்தபின், இருவர் மூவராகச் சேர்ந்து நடக்கலாம். மழை நாளில் வீட்டுக்குள் ஓர் உறுதியான நாற்காலி போதும். கையை ஊன்றாமல் மெல்ல எழுந்து மெல்ல உட்காருவது. முதலில் ஐந்து முறை, பிறகு பத்து. சர்க்கரைக்கு மருந்து உண்பவர்களும், மூட்டுவலியோ நெஞ்சுவலியோ உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்டுத் தொடங்க வேண்டும். உங்கள் வீட்டுப் பாட்டி செய்யும்போது நீங்கள் பக்கத்தில் நின்று எண்ணுங்கள்.

பெரியம்மா அன்று ஏழு முறை எழுந்தார். டப்பாவை இன்னும் விடவில்லை. ஆனால் அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அதையும் பையில் எடுத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறார்.