ஒரே தண்ணீர், நான்கு வேலை

மதிப்பிற்குரிய நீலகிரி மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கு,

அவலாஞ்சி, எமரால்டு அணைத் தண்ணீர் எங்கள் குந்தா மின்நிலையத்தில் இறங்கி மின்சாரம் தருகிறது. அதே தண்ணீர் கெத்தையில் மறுபடி, பரளியில் மறுபடி, பில்லூரில் இன்னொரு முறை. ஐம்பது, அறுபதுகளில் கனடா உதவியோடு இதைக் கட்டியவர்கள் ஓர் அடி உயரத்தைக்கூட வீணாக்கவில்லை. பக்கத்து மஞ்சூர்க்காரர்களான எங்களுக்கு உயரத்தின் விலை தெரியும்.

அந்த விலையைத்தான் நாங்கள் இப்போது டீசலாகக் கட்டுகிறோம்.

போன ஐப்பசியில் அத்தையைக் கண் காட்ட ஊட்டிக்கு அழைத்துப் போனேன். முதல் பஸ், நீண்ட வரிசை, கடைசியில், "டாக்டர் இன்னைக்கு இல்லைங்க, வியாழக்கிழமை வாங்க." வியாழனும் போனோம். திரும்புகையில் பஸ் போய்விட்டிருந்தது; ஜீப் பிடித்தோம். சொட்டு மருந்து எழுதிய ஒரே ஒரு சீட்டுக்கு இரண்டு பேர் நூறு கிலோமீட்டருக்கு மேல் அலைந்தோம்.

மலையில் இப்படி அலைய ஆற்றல் எவ்வளவு போகிறது? ஒன்றரை டன் காரை ஆயிரம் மீட்டர் மேலேற்ற நான்கு யூனிட் மின்சாரத்துக்கு ஈடான ஆற்றல் வேண்டும். எஞ்சினில் வெப்பமாக வீணாவது தனி. அதையும் சேர்த்தால் மூன்று மடங்குக்குமேல் எரிபொருள் போகும். காரில் இருவர் என்றால் தலைக்கு இரண்டு யூனிட். ஐம்பது பேர் ஏறிய பதினான்கு டன் பஸ்ஸில் தலைக்கு ஒரு யூனிட்கூட ஆகாது.

எவ்வளவு அலைகிறோம் என்பது ஊரின் அமைப்பையும் பொறுத்தது. 1989இல் நியூமன், கென்வொர்தி என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 32 நகரங்களை ஒப்பிட்டார்கள். நெருக்கமாக அமைந்த ஊர்களில் ஆளுக்கு ஆகும் பெட்ரோல் குறைவு, சிதறிப் பரந்த ஊர்களில் அதிகம் என்று கண்டார்கள். வருமானமும் பெட்ரோல் விலையும் இதில் சேரும் என்று மறுத்தவர்களும் உண்டு. ஆனால் ஹட்டிகள் என்னும் எங்கள் மலையூர்களைப் பாருங்கள்: சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகள், குளிரையும் பகிர்ந்து தாங்குபவை. இன்று சாலையோரம் தனித்தனியாக வீடுகள் நீள்கின்றன. பள்ளி, ஆஸ்பத்திரி, கடை ஒவ்வொன்றும் ஒரு திசையில். வண்டி இல்லாமல் முடியாத வாழ்க்கை இப்படித்தான் கட்டப்படுகிறது.

2025 ஏப்ரலில் ஊட்டிக்கு வரும் சுற்றுலா வண்டிகளுக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 என்று வரம்பு வந்தது. நல்லது. மலைக்குள்ளேயே ஒரு கையெழுத்துக்காக அலையும் எங்கள் பயணங்களையும் யாராவது எண்ண வேண்டும். 2024இல் மகளிர் இலவசப் பயணம் மலைக்கும் வந்தபோது தேயிலைத் தோட்டப் பெண்கள் எவ்வளவு மகிழ்ந்தார்கள்! மாலையில் இலை எடை போட்டு முடிக்கும் நேரத்துக்கு பஸ் இருந்தால்தான் அந்த மகிழ்ச்சி நிலைக்கும்.

நான் கேட்பது இவைதான். புதிய அரசுக் கட்டடம் எதுவானாலும் மஞ்சூர் பஸ் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இடம் பாருங்கள். கண், எலும்பு, மகப்பேறு மருத்துவர்கள் வாரம் ஒருநாளாவது இங்கே வரட்டும். நாற்பது நோயாளிகள் மலையேறுவதைவிட ஒரு டாக்டர் வருவது எளிது. ஊட்டியிலிருந்து கடைசி பஸ், ஆஸ்பத்திரி வரிசை கலைந்த பிறகு கிளம்பட்டும்.

அத்தைக்கு அடுத்த மாதம் அறுவை சிகிச்சை. அதற்கு முன்னால் ஒரு சோதனை, பின்னால் மூன்று. அந்த மூன்றாவது சோதனையாவது மஞ்சூரிலேயே நடக்க வழி செய்யுங்கள்.

இப்படிக்கு,
மஞ்சூர்வாசி ஒருவர்